மண்ணைப் பட்டினி போடும் வேலை

யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் தோட்டம் செய்த ஒருவரின் மகன் நான். வெங்காயம் கிண்டி முடித்த கையோடு பூவரசங்குழை தாழ்ப்பது, மாட்டெருவை வண்டில் வண்டிலாகக் கொண்டுவந்து கொட்டுவது, அதுவும் போதாதென்று யூரியா எறிவது என்று அப்பாவின் தோட்டம் ஓடியது. மண்ணுக்குக் கொடுத்தால்தான் மண் தரும் என்பதில் அவருக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. லண்டனில் ஒரு கவுன்சிலின் பூங்காப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, கொஞ்சக் காலம் கழித்துப் பூவெளி மீட்கும் குழுவுக்கு மாற்றப்பட்டபோது, எங்கள் மேற்பார்வையாளர் முதலில் சொன்னது அதற்கு நேரெதிர். இந்த மண்ணில் சத்துக் கூடிவிட்டது, அதை இறக்க வேண்டும் என்றார். இன்றுவரை நான் சம்பளம் வாங்குவது அந்த வேலைக்குத்தான்.

இங்கே 'மெடோ' என்றதும் பலரும் தானாக முளைத்த காட்டுப் பூந்தரை என்று நினைக்கிறார்கள். அது தானாக வந்ததல்ல. மாட்டுக்கும் குதிரைக்கும் குளிர்காலத் தீனி வேண்டும் என்பதற்காக உழவர்கள் உண்டாக்கியது. வசந்தத்தில் கால்நடையை வெளியே எடுத்துவிட்டுப் புல்லை வளர விடுவார்கள். ஜூலையில் வெட்டி, வெயிலில் காயவைத்து, கட்டி எடுத்துக்கொண்டு போவார்கள். பிறகு துளிர்ப்பதை மாடு மேயும். வருடா வருடம் வெட்டியது வெளியேறியதால் மண் மெலிந்தது. மெலிந்த மண்ணில் தடித்த புல்லினங்களால் மற்றவற்றை அமுக்கிவிட முடியாது. அந்த இடைவெளியில்தான் பூச்செடிகள் பிழைத்தன. நல்ல வெளி என்று நாங்கள் ஏற்றுக்கொள்ள ஒரு சதுர மீட்டருக்குள் 15 இனத்துக்கு மேல் இருக்க வேண்டும். இங்கிலாந்திலும் வேல்சிலும் இப்படிப்பட்ட வெளிகளில் 97 சதவீதம் 1930களுக்குப் பின் அழிந்துவிட்டது. போர்க்காலத்தில் உழுதார்கள். பிறகு மூட்டை உரம் வந்தது, அதன் பின் ஆண்டுக்குப் பல முறை பச்சையாகவே வெட்டிப் பதனிடும் தீவன முறை வந்தது.

வடமேற்கு லண்டனில் இருக்கும் எங்கள் ஆட்களுக்கு இது தூரத்துக் கதை அல்ல. ஹரோ, கிங்ஸ்பரி, ஹென்டன் பக்கமெல்லாம் ஒருகாலத்தில் மிடில்செக்ஸ் மாவட்டத்தின் உலர்புல் நிலம். 19ஆம் நூற்றாண்டு லண்டன் குதிரையில் ஓடியது. குதிரை இந்தப் புல்லில் ஓடியது. வண்டிகள் புல் ஏற்றிக்கொண்டு நகருக்குப் போய், சாணம் ஏற்றிக்கொண்டு திரும்பின. (சாணம் வந்தது உண்மைதான். ஆனால் மூட்டை உரத்தின் வேகம் சாணத்துக்கு இல்லை.) பிக்கடிலிக்குப் பக்கத்தில் இன்று நாடக அரங்குகள் நிற்கும் ஹேமார்க்கெட் தெருவில் 1830 வரை உலர்புல் சந்தை கூடியது. மோட்டார் வந்து குதிரை போனதும் புல்லுக்கு விலை போயிற்று. நாங்கள் கடன்பட்டு வாங்கிக் குடியிருக்கும் இரட்டை வீடுகளில் ஏராளமானவை 1920களிலும் 30களிலும் அந்த வெளிகளின் மேல் எழுந்தவை. தப்பிய துண்டுகள் பூங்காவாகவும் விளையாட்டு மைதானமாகவும் ஆயின. கிங்ஸ்பரிப் பக்கம் இருப்பவர்கள் ஃப்ரையென்ட் கன்ட்ரி பார்க்கில் அந்தப் பழைய வெளிகளையும், அவற்றைப் பிரித்த உயிர்வேலிகளையும் இன்னும் பார்க்கலாம். அங்கே இப்போதும் புல் வெட்டிக் காயவைக்கிறார்கள்.

மற்றப் பூங்காக்களில் நடந்தது வேறு. ட்ரக்டருக்குப் பின்னால் உருளை வெட்டிகளைக் கட்டிக்கொண்டு, மார்ச் முதல் அக்டோபர் வரை திரும்பத் திரும்ப வெட்டினார்கள். வெட்டியது அப்படியே விழுந்து மக்கி, அதே மண்ணுக்கு உரமானது. அதனால் பார்வைக்குப் பச்சையாக இருக்கும் ஒரு பூங்காத் தரையில் குனிந்து எண்ணினால் ரைகிராஸ், வெள்ளைக் குளோவர், டான்டிலியன் என்று நாலைந்தோடு கணக்கு முடிந்துவிடும்.

இதை மாற்ற வேண்டும் என்றதும் அரசியல்வாதிகளுக்கு முதலில் தோன்றுவது விதைப் பை. ஒரு துண்டை உழுது, பொப்பி, கோர்ன்ஃபிளவர் கலந்து தூவினால் இரண்டரை மாதத்தில் சிவப்பும் நீலமுமாகப் படம் எடுக்கலாம். 2012 ஒலிம்பிக் பூங்காவில் நைஜல் டனெட்டும் ஜேம்ஸ் ஹிட்ச்மோவும் செய்த பூவெளிகளைப் பார்த்த பிறகு எல்லாக் கவுன்சிலுக்கும் அந்த ஆசை வந்தது. அவர்கள் செய்தது தேர்ந்த தோட்டக் கலை. அதைப் பார்த்து விதைப் பையை மட்டும் வாங்கியவர்கள்தான் தவறாக விளங்கிக்கொண்டார்கள். பொப்பி கோதுமை வயலின் களை. உழுத மண்ணில் ஒரு வருடம் வாழ்ந்து சாகும். அடுத்த வருடமும் வேண்டுமென்றால் அடுத்த வருடமும் உழ வேண்டும். உழாமல் விட்ட இடத்தில் டொக்கும் முட்செடியும் வந்து நிற்கும். உடனே 'பூவெளி தோல்வி' என்று கோப்பை மூடிவிடுவார்கள். மெடோ என்பது பல ஆண்டு வாழும் செடிகளின் குடியிருப்பு. அதற்கு உழவு ஆகாது.

எங்கள் வேலை மண் பரிசோதனையில் தொடங்கும். பார்ப்பது முக்கியமாகப் பொசுபரசு. நைதரசன் மழையில் கரைந்து போகும், காற்றிலும் போகும். பொசுபரசு மண்ணை விட்டு இலகுவில் அகலாது, லண்டன் களிமண்ணில் இன்னும் இறுகப் பிடித்துக்கொள்ளும். இங்கத்தைய அளவுகோலில் 0 அல்லது 1 என்று வந்தால் மகிழ்ச்சியோடு வேலை தொடங்கலாம், 2 என்றால் பொறுமை வேண்டும். அதற்கு மேல் போனால் வேறு இடம் பார்ப்பது நல்லது. பழைய காய்கறித் தோட்டமாக இருந்த துண்டுகளில் எண் ஏறியே நிற்கும். அப்பா கேட்டால் அந்த மண்ணைத்தான் நல்ல மண் என்பார்.

நாய்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். பெல்ஜியத்தில் கெண்ட் நகரைச் சுற்றிய இயற்கைக் காப்பிடங்களில் செய்து 2022இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், நடக்கக் கூட்டிவரும் நாய்களின் மலசலத்தால் ஒரு ஹெக்டேயருக்கு ஆண்டுக்குச் சுமார் 11 கிலோ நைதரசனும் 5 கிலோ பொசுபரசும் சேர்கிறது என்று கணக்கிட்டார்கள். அதனால்தான் பூங்கா வாசலை ஒட்டிய முதல் பத்து, பதினைந்து அடிக்குள் நான் எதையும் எதிர்பார்ப்பதில்லை. அங்கே நெட்டில் வரும். வரட்டும், வண்ணத்துப்பூச்சிகளில் சில நெட்டிலில்தான் முட்டையிடும்.

உரம் பூவுக்கு எதிரி என்று சொன்னால் எங்கள் ஆட்கள் நம்புவதில்லை. நானும் நம்பவில்லை, ஹார்பன்டனில் உள்ள றொதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தைப் பார்க்கும்வரை. 1856இல் லோஸ், கில்பர்ட் என்ற இருவர் எந்த உரம் உலர்புல் விளைச்சலைக் கூட்டும் என்று அறிய ஒரு பழைய வெளியைப் பாத்திகளாகப் பிரித்தார்கள். அந்தப் பரிசோதனை இன்னும் நடக்கிறது. உரமே காணாத பாத்திகளில் 40 வரை இனங்கள் நிற்கின்றன. அமோனியமாக நைதரசனைக் கொட்டிச் சுண்ணாம்பும் இடாமல் விட்ட பாத்திகளில் இரண்டு மூன்று புல்லினங்களே மிஞ்சியிருக்கின்றன. கயிறு கட்டாமலே பாத்தியின் எல்லை தெரிகிறது. ஒரு பக்கம் முழங்கால் உயரத்தில் பல நிறம், அடுத்த அடியில் ஒரே பச்சை. அவர்கள் தேடியது விளைச்சல்; விளைச்சல் கூடியதும் உண்மை.

இனி யெலோ றாட்டில். இந்தத் தொழிலில் எனக்கு நெருங்கிய கூட்டாளி அதுதான். முழங்காலுக்குக் கீழே நிற்கும் சின்னச் செடி, மஞ்சள் பூ, பூ உதிர்ந்ததும் தட்டையான ஊதிய உறை. ஜூலையில் உறை காய்ந்து, நடக்கும்போது ஊர்க் கிலுகிலுப்பைச் செடிபோலக் கலகலக்கும். அந்தச் சத்தம் கேட்டால் புல் வெட்டும் காலம் வந்துவிட்டது என்று பழைய உழவர்கள் கணித்தார்கள். செடியைப் பார்த்தால் சாது. வேரில்தான் அதன் வேலை. மண்ணை உதிர்த்து வேரை விரித்துப் பிடித்தால், பக்கத்துப் புல்லின் வேரைத் தொட்ட இடங்களில் வெள்ளையாகக் கடுகிலும் சிறிய முடிச்சுகள் தெரியும். அந்த முடிச்சுகள் வழியாகப் புல்லின் நீரையும் சத்தையும் உறிஞ்சுகிறது. தன் இலையில் பச்சையம் இருப்பதால் முழு ஒட்டுண்ணி அல்ல, அரை ஒட்டுண்ணி. அது நன்றாகப் பிடித்த இடத்தில் புல் நலிந்து நிற்கும், தூரத்திலிருந்தே தெரியும்.

விதைப்பதற்கு ஆகஸ்ட் கடைசியில் புல்லை ஒட்ட வெட்டி, இரும்பு வாருகோலால் தரையைச் சுரண்டி, பாதிக்குப் பாதி மண் தெரியச் செய்வோம். பார்ப்பவர்களுக்கு நாங்கள் பூங்காவை நாசமாக்குவதுபோல் இருக்கும். அதன் மேல் சதுர மீட்டருக்கு ஒரு கிராமுக்கு மேற்படாமல் தூவி, காலால் மிதித்துவிடுவோம். மூடக் கூடாது. ஒரு குளிர்காலம் முழுக்க ஈரத்திலும் குளிரிலும் கிடந்தால்தான் முளைக்கும், வசந்தத்தில் போட்ட விதை வீண். மார்ச் தொடக்கத்தில் நான் முழங்கால்மெத்தையோடு அங்கே போவேன். புல்லை விரலால் விலக்கினால், ஓரம் வாள்போல் வெட்டுப்பட்ட சின்னஞ்சிறு இலைகள் சோடி சோடியாக நிற்கும். அந்த வயதில் வேறெந்தச் செடியோடும் அதைக் குழப்ப முடியாது. அதைக் கண்டால் அந்த வருடத்துக் கவலை பாதி தீர்ந்துவிடும்.

மீதிப் பாதி ஜூனில். யெலோ றாட்டில் ஓராண்டுச் செடி. விதை மண்ணுக்குள் பல ஆண்டு உறங்கிக் கிடக்காது, பெரும்பாலும் அடுத்த வசந்தத்திலேயே முளைத்துத் தீர்ந்துவிடும். ஆகவே விதை முற்றுமுன் ஒருமுறை வெட்டிவிட்டால் கதை முடிந்தது. நாங்கள் ஆண்டுக்கணக்கில் பார்த்து வளர்த்த ஒரு சரிவில் அதுதான் நடந்தது. புல்வெட்டும் ஒப்பந்தம் கைமாறியது, புது நிறுவனத்துக்குப் பழைய வரைபடம் போயிருக்கிறது. ஓட்டுநர் ஒருவர் ஜூன் நடுவில் வந்து, தன் தாளில் இருந்தபடி சரிவு முழுவதையும் வெட்டிவிட்டுப் போனார். நான் போய்ச் சேர்ந்தபோது மஞ்சள் பூக்கள் வெட்டிய புல்லோடு கலந்து கிடந்தன. அந்த மனிதரில் எனக்குக் கோபமில்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை. நிறுவனம் எழுதிய மன்னிப்புக் கடிதத்தில் 'புல் மீண்டும் வளரும்' என்று ஒரு வரி இருந்தது. வளர்ந்தது, புல் மட்டும். மறு மார்ச்சில் அந்தச் சரிவில் வெட்டுப்பட்ட அந்தச் சின்ன இலை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. திரும்பச் சுரண்டலிலிருந்து தொடங்கினோம். அதற்குப் பிறகு வெளியின் நான்கு மூலையிலும் மரக்குற்றி அடித்திருக்கிறோம். வரைபடத்தை மதிக்காத மெசின் குற்றியை மதிக்கும்.

விதை வாங்காமல் இன்னொரு வழி, பச்சைப் புல் மாற்றுவது. அயலில் நல்ல பழைய வெளி ஒன்று இருந்தால், விதை முற்றிய நேரத்தில் அதை வெட்டி, காயவிடாமல் அப்படியே ஏற்றி வந்து, சுரண்டிய தரையில் மெல்லப் பரப்புவது. ஒரு ஏக்கரில் வெட்டியது மூன்று ஏக்கருக்குப் போதும். ஆனால் அதே நாளில் பரப்ப வேண்டும். குவியலாக விட்டால் உள்ளே சூடேறி விதை அவிந்துவிடும். எனக்கு இந்த முறையில்தான் நம்பிக்கை அதிகம். அந்த ஊர் மண்ணுக்குப் பழகிய விதை, கூடவே பூச்சி, சிலந்தி எல்லாம் ஒரே லொறியில் வந்துவிடும்.

ஜூலை கடைசியில் அறுவடை. தட்டையான இடத்தில் மெசின் வெட்டும். எறும்புப் புற்று உள்ள இடத்திலும் சரிவிலும் நீண்ட பிடி அரிவாளால் நாங்களே வெட்டுவோம். இதை நின்றபடி, இடுப்பைத் திருப்பி, தரையோடு வழிக்க வேண்டும். குனிந்து அரிந்து பழகிய எனக்கு அது பிடிபடக் கொஞ்சக் காலம் எடுத்தது. வெட்டியதை ஒரு கிழமைக்குள் இரண்டொருமுறை புரட்டிக் காயவிட்டால் விதை கீழே உதிரும். பிறகு வாரி எடுக்க வேண்டும். சனிக்கிழமைகளில் தொண்டர்கள் வருவார்கள். காய்ந்த ஸ்வீட் வேர்னல் புல்லின் மணத்துக்காகவே வருகிறவர்களும் உண்டு.

அப்படியொரு நாளில், பேரப்பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வந்த முதியவர் ஒருவர் நின்று பார்த்தார். தமிழ் முகம் என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது.

"தம்பி, உந்தப் புல்லெல்லாம் என்ன செய்யிறியள்?"

"அந்த வேலியோரம் குவிக்கிறம் ஐயா. மிச்சம் கழிவுக்குப் போகும்."

"கழிவுக்கோ? மாட்டுக்குப் போட்டா ஆகாதே?"

"நாய்க்கழிவு கலந்திருக்கும் ஐயா. அதோட அங்க நிக்கிற மஞ்சள் பூ, ராக்வேர்ட், காய்ஞ்சாலும் விஷம் போகாது. பச்சையா நிண்டா கைச்சலுக்கு மாடு தொடாது. காய்ஞ்சா கைப்புப் போயிடும், விஷம் நிக்கும்."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப ஒரு பிடி பசளை எறிஞ்சா பூ இன்னும் வடிவா வராதோ?"

நான் றொதம்ஸ்டெட் கதையைச் சொன்னேன். அவர் முழுதாக ஏற்கவில்லை. "அப்ப நாங்கள் செய்த வெள்ளாண்மையெல்லாம்?" என்று சிரித்துக்கொண்டே வண்டியைத் தள்ளினார். அடுத்த சனியும் வந்தார், வாருகோல் கேட்டு வாங்கி அரை மணித்தியாலம் வாரினார். எங்களில் எவரையும்விட நேர்த்தியாக வாரினார்.

ராக்வேர்ட்டைப் பற்றி இன்னொன்று. அதைக் கண்ட இடமெல்லாம் பிடுங்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பக்கத்தில் குதிரை மேயும் நிலமோ உலர்புல் எடுக்கும் வெளியோ இருந்தால் பிடுங்கத்தான் வேண்டும், நாங்களும் பிடுங்குகிறோம். மற்ற இடங்களில் விட்டுவைக்கிறோம். சின்னபார் அந்துப்பூச்சியின் மஞ்சளும் கறுப்பும் வரிபோட்ட புழுக்கள் அதைத் தின்றே வளர்கின்றன.

புல் வெட்டாமல் விட்டால் கவுன்சிலுக்குக் காசு மிச்சம் என்று ஊரெல்லாம் பேச்சு. 'வரியைக் கூட்டிப்போட்டுப் புல்லையும் வெட்டுறாங்கள் இல்லை' என்று தமிழிலும் கேட்டிருக்கிறேன், ஆங்கிலத்திலும் கேட்டிருக்கிறேன். உண்மையில் வெட்டி விடுவது மலிவு, வெட்டி எடுப்பதுதான் செலவு. வாரிச் சேர்க்கும் மெசின் வேறு, அதை ஏற்ற லொறி வேறு, கொட்டக் கட்டணம் வேறு. பெரும்பாலான கவுன்சில்களிடம் அந்த மெசின் இல்லை. பூவெளித் திட்டங்கள் படுத்துப்போவது விதையில்லாமல் அல்ல, வாருவதற்கு ஆளும் மெசினும் இல்லாமல். பிளான்ட்லைஃப் அமைப்பு 2019இல் தொடங்கிய 'நோ மோ மே' பற்றியும் என் எண்ணம் இதுவே. நீண்ட புல்லைப் பார்க்க மக்களின் கண்ணைப் பழக்கியது அது, அதற்கு நான் நன்றி சொல்வேன். ஆனால் மே முழுவதும் வளர விட்டு, ஜூன் முதலாம் திகதி வெட்டி அங்கேயே போட்டால், அது ஒரே தடவையில் போட்ட பெரிய உரம்.

முறைப்பாடுகளில் சில நியாயமானவை. புல் பூக்கும் காலத்தில் மகரந்த ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் கஷ்டம், அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. உண்ணி கடிக்கலாம், நீளக் காற்சட்டை போடச் சொல்கிறோம். எங்கள் அம்மாமார் கேட்பது பாம்பு. எங்கள் பூங்காப் புல்லில் காணக்கூடியது கிராஸ் ஸ்னேக், விஷமில்லாதது, அதையும் குளத்தோரம்தான் எப்போதாவது காணலாம். 'பராமரிப்பு இல்லை' என்ற முறைப்பாட்டுக்கு மட்டும் இலகுவான மருந்து உண்டு. வெளியைச் சுற்றி ஒரு மெசின் அகலத்துக்கும், நடுவே வளைந்து போகும் ஒரு பாதைக்கும் ஒட்ட வெட்டிவிடுவது. அந்த விளிம்பு இருந்தால் உள்ளே நிற்பது வேண்டுமென்று விட்டது என்று எவருக்கும் விளங்கும். கூட்டங்களில் நான் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கொலிஜின் படத்தையும் காட்டுவேன். 1772 முதல் புல்தரையாக இருந்த இடத்தில் ஒரு பகுதியை அவர்கள் 2019இல் பூவெளியாக்கினார்கள், குதிரை பூட்டி அறுவடை செய்தார்கள். அந்தக் கொலிஜின் தேவாலயத்தின் முன் செய்யலாம் என்றால் எங்கள் பேருந்துத் தரிப்பின் முன்னும் செய்யலாம்.

பலன் ஒரேயடியாக வராது. முதலில் வருவது ஒக்ஸ்ஐ டெய்சி, ஒரு கோடை முழுக்க வெள்ளையாகக் கொட்டிப் பிறகு தானே குறைந்துவிடும். நாப்வீட் மெல்ல வரும், வந்தால் போகாது. பேர்ட்ஸ்ஃபுட் ட்ரெஃபாயில் படர்ந்த இடத்தில் கொமன் புளூ வண்ணத்துப்பூச்சி வந்து முட்டையிடும். வெட்டுமெசின் சீவித் தள்ளாத இடங்களில் மஞ்சள் எறும்புகள் புற்றுக் கட்டும், ஆண்டுக்காண்டு அது உயரும். களிமண் வெளிகளுக்கே உரிய பெப்பர் சாக்ஸிஃப்ரேஜ் எங்கள் வெளிகளில் இன்னும் வரவில்லை. அது பழைய வெளியை விட்டு இலகுவில் நகராத செடி.

முன்வளவில் கொஞ்சம் புல்தரை உள்ளவர்கள் இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். சுப்பர்மார்க்கெட்டில் விற்கும் புல்தரை உரத்தை நிறுத்துங்கள். வெட்டிய புல்லை ஒவ்வொரு தடவையும் வாரி எடுங்கள். செப்டெம்பரில் ஒரு மூலையைச் சுரண்டி யெலோ றாட்டில் தூவுங்கள், ஏப்ரல் முதல் ஜூலை கடைசி வரை அந்த மூலையில் மெசினை ஓட்டாதீர்கள். உங்கள் கவுன்சில் பூங்காக்களைப் பற்றிக் கருத்துக் கேட்டால், பூ வேண்டும் என்று மட்டும் எழுதாமல், வெட்டிய புல்லை வாரி எடுக்கும் மெசின் வேண்டும் என்று எழுதுங்கள். விதை வாங்கும்போது இந்த வருட அறுவடைதானா என்று கேட்டு வாங்குங்கள். ஒரு வருடம் அலுமாரியில் கிடந்த யெலோ றாட்டில் விதை பெரும்பாலும் முளைக்காது.